கால் மில்லிமீட்டர்

எங்கள் அண்ணன் ஓசூரில் அச்சுகள் செய்யும் ஒரு டூல் ரூமில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். அவர் மகளுக்குப் பல் வரிசையைச் சரிசெய்ய அலைனர் போடுவது என்று முடிவானபோது, டாக்டரிடம் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஒரு தட்டுக்குப் பல்லு எவ்வளவு நகரும் சார்?" அதிகபட்சம் கால் மில்லிமீட்டர் என்றார் டாக்டர்.

எங்கள் ஊரான ராயக்கோட்டைக்கு வந்து சேர்ந்ததும் அண்ணன் பரண்மேல் இருந்த பழைய பெட்டியை இறக்கி ஃபீலர் கேஜை எடுத்தார். விசிறிபோல விரியும் மெல்லிய எஃகுத் தகடுகளில் 0.25 என்று பொறித்ததைத் தேடிப் பிரித்து மகளிடம் நீட்டினார். "இவ்வளவுதாம்மா. பத்து தௌ, அங்குலத்துல ஆயிரத்துல பத்துப் பங்கு." இயந்திரத்தில் இரண்டு பாகங்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளியை அளக்கப் பட்டறைக்காரர்கள் செருகிப் பார்க்கும் தகடு அது. அவள் அதை விரலில் வளைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா சித்தப்பா ரெண்டு வருஷம்?" என்று என்னிடம் திரும்பினாள்.

அந்தக் கேள்விக்குச் சரியான பதிலைத் தேடியதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

பல்லுக்குக் கிளிப் போடுவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாயில் எஃகுக் கம்பி மின்னுவதைப் பார்த்துப் பழகிவிட்டோம். அலைனர் என்பது கம்பி இல்லாத கிளிப். கண்ணாடிபோலத் தெளிவான, பல் வரிசைமேல் உறைபோலப் பொருந்தும் மெல்லிய பிளாஸ்டிக் தட்டு. ஒரே தட்டு அல்ல, வரிசையாக இருபது, முப்பது தட்டுகள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு துளி வேறுபட்டிருக்கும். பல் இப்போது இருக்கும் இடத்துக்கு அல்ல, அடுத்து வரவேண்டிய இடத்துக்கு அச்செடுத்தது போன்ற வடிவம். மாட்டியதும் இறுக்கும். ஓரிரு வாரத்தில் பல் அந்த வடிவத்துக்கு வந்துசேரும், இறுக்கம் போய்விடும். அப்போது அடுத்த தட்டு.

ஆனால் பிளாஸ்டிக் பல்லை நகர்த்துகிறது என்று சொன்னால் பாதி உண்மைதான். தட்டு செய்வது ஒரு சின்ன அழுத்தம். மீதி வேலை முழுவதும் தாடை எலும்பினுடையது.

பல், சுவரில் அடித்த ஆணிபோல எலும்பில் இறுகிப் பதிந்திருக்கவில்லை. வேருக்கும் எலும்புக் குழிக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. அந்த இடத்தை நார்களால் ஆன ஒரு சவ்வு நிரப்பியிருக்கிறது. அதில் இரத்த நாளங்கள் உண்டு, நரம்புகள் உண்டு, உயிரணுக்கள் உண்டு. கரும்பைக் கடிக்கும்போது பல் உடையாமல் தாங்குவது இந்த மெத்தையால்தான். சோற்றில் சிறு கல் சிக்கினாலும் பல் உடனே உணர்வது இந்த நரம்புகளால்தான்.

தட்டு பல்லை ஒரு பக்கமாகத் தள்ளினால் அந்தப் பக்கத்துச் சவ்வு நசுங்கும், எதிர்ப்பக்கம் இழுபடும். நசுங்கிய பக்கத்து உயிரணுக்கள் ரசாயனச் செய்தி அனுப்பி, எலும்பைக் கரைக்கும் அணுக்களை வரவழைக்கின்றன. இழுபட்ட பக்கத்தில் எலும்பு கட்டும் அணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. முன்னால் எலும்பு கரைந்து வழிவிடுகிறது, பின்னால் புதிய எலும்பு வளர்ந்து காலி இடத்தை மூடுகிறது. பல் எலும்பைத் துளைத்துக்கொண்டு போவதில்லை. குழியே பல்லோடு சேர்ந்து இடம் மாறுகிறது. எனக்கு உடலைப் பற்றித் தெரிந்த செய்திகளில் இவ்வளவு வியப்பூட்டியவை மிகக் குறைவு.

அப்படியானால் பலமாகத் தள்ளி வேலையைச் சீக்கிரம் முடிக்கக் கூடாதா? இதற்கு எங்கள் ஊர்த் தக்காளித் தோட்டத்திலேயே விடை இருக்கிறது. ராயக்கோட்டை மண்டிக்கு வரும் தக்காளியில் பெரும்பகுதி குச்சி ஊன்றிக் கம்பி இழுத்துக் கட்டிய செடிகளில் காய்த்தது. தண்டைக் குச்சியோடு சேர்த்துக் கட்டும்போது, கட்டத் தெரிந்தவர்கள் சணலை இறுக்கமாட்டார்கள். விரல் நுழையுமளவு தளர விட்டுத்தான் முடிச்சுப் போடுவார்கள். இறுக்கினால் கயிறு தண்டை அறுத்துவிடும், அதற்குமேல் தண்ணீர் ஏறாது, செடி வாடும். செடியை நிமிர்த்துவது கயிறல்ல, செடியின் வளர்ச்சி. கயிறு திசை காட்டுவதோடு சரி.

பல்லிலும் இதேதான். 1904-இல் கார்ல் சாண்ட்ஸ்டெட் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர், நாயின் பற்களைத் திருகு வைத்து நகர்த்தி, பிறகு எலும்பை நுண்ணோக்கியில் பார்த்தார். அழுத்தம் அளவாக இருந்த இடத்தில் எலும்பு ஒழுங்காகக் கரைந்திருந்தது. அழுத்தம் மிகுந்த இடத்தில் சவ்வு கண்ணாடிபோல மாறி உயிரற்றுக் கிடந்தது. இரத்தம் போகாத இடத்துக்கு எலும்பு கரைக்கும் அணுவும் போக முடியாது. செத்த பகுதியைச் சுற்றி வளைத்து உள்ளிருந்து அரித்துவரும்வரை பல் நின்ற இடத்திலேயே நிற்கும். 1932-இல் ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர் இதற்கு ஓர் அளவும் சொன்னார். நுண்குழாய்களில் ஓடும் இரத்தத்தின் அழுத்தத்தைத் தாண்டக் கூடாது, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் வரை. ஒரு தக்காளிப் பழத்தின் எடையைவிடக் குறைவு. கால் மில்லிமீட்டருக்கு மேல் ஒரு தட்டில் வைக்காததன் காரணம் இங்கேதான் இருக்கிறது. சவ்வின் அகலமே அவ்வளவுதான். கம்பியோ பிளாஸ்டிக்கோ, எதைப் போட்டாலும் எலும்பின் வேகம் மாறாது. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் நல்ல வேகம்.

இந்தத் தட்டுகளின் கதையும் நாம் நினைப்பதைவிடப் பழையது. 1945-இல் அமெரிக்காவின் கெஸ்லிங் என்ற பல் மருத்துவர், நோயாளியின் பல் வரிசைக்கு பிளாஸ்டரில் அச்செடுத்து, அதிலிருந்து பற்களை ஒவ்வொன்றாக ரம்பத்தால் அறுத்தெடுத்தார். மெழுகில் அவற்றை நேராக அடுக்கி, அந்த வடிவத்துக்கு ரப்பரில் ஓர் உறை செய்தார். கம்பியைக் கழற்றியபின் மிச்சமிருக்கும் சிறு கோணலை நிமிர்த்த அது போதுமானதாக இருந்தது. இப்படிப்பட்ட உறைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தால் பெரிய நகர்வுகளும் முடியும் என்று அப்போதே எழுதினார். 1964-இல் நாகும் என்ற இன்னொரு மருத்துவர், சூடாக்கிய பிளாஸ்டிக் தாளை வெற்றிடத்தால் உறிஞ்சி அச்சின்மேல் ஒட்டவைக்கும் முறையைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். எல்லாம் தெரிந்திருந்தும் பரவவில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒருவர் உட்கார்ந்து பல் பல்லாக அறுத்து அடுக்கவேண்டும். முப்பது கட்டத்துக்கு யார் செய்வது?

அந்த முட்டுக்கட்டையை நீக்கியவர்கள் பல் மருத்துவர்களே அல்ல. ஸ்டான்ஃபோர்டில் மேலாண்மை படித்த ஜியா சிஷ்டி, வளர்ந்தபின் கிளிப் போட்டுக்கொண்டவர். சிகிச்சை முடிந்து, பற்களை அதே இடத்தில் நிறுத்திவைக்கக் கொடுத்த ரிட்டெய்னர் என்ற பிளாஸ்டிக் உறையைச் சில நாள் மாட்டாமல் விட்டார், பற்கள் விலகின. மறுபடி மாட்டினார், திரும்பி வந்தன. பிளாஸ்டிக் திருப்பிக் கொண்டுவர முடியுமென்றால் புதிய இடத்துக்கும் கொண்டுபோக முடியுமே என்று அவருக்குத் தோன்றியது. கணினியில் பற்களை அறுத்து அடுக்கலாம், முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் எடுக்கலாம். கெல்சி வெர்த் என்பவருடன் சேர்ந்து 1997-இல் அலைன் டெக்னாலஜி நிறுவனத்தைத் தொடங்கினார். 1998-இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. அந்தத் தயாரிப்புதான் இன்விசலைன். அதன் முக்கியக் காப்புரிமைகள் 2017 முதல் காலாவதியாகத் தொடங்கியதால் பல நிறுவனங்கள் களத்தில் இறங்கின, இந்தியாவிலும் செய்கிறார்கள்.

அண்ணன் மகளுக்கு முதல் நாள் செய்தது வாய்க்குள் ஒரு சின்னக் கேமராவை ஓட்டி எல்லாப் பல்லையும் கணினித் திரையில் ஏற்றியதுதான். எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். பிறகு மென்பொருளில் பற்கள் மெல்ல மெல்ல நகர்ந்து வரிசைக்கு வருவதைப் படம்போல ஓட்டிக் காட்டினார்கள். அந்தப் படத்தை முப்பது துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் பிசினில் ஓர் அச்சு செய்து, முக்கால் மில்லிமீட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி அதன்மேல் படியவைத்து, ஓரத்தை வெட்டி மெருகேற்றினால் தட்டு தயார். இதைக் கேட்ட அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய தொழிலில் ஒரு மோல்டு என்றால் லட்சம் உருப்படி தரவேண்டும். இங்கே ஒரு மோல்டு ஒரே ஒரு தட்டோடு வேலையை முடித்துக்கொள்கிறது. உலகத்தில் வேறு எந்த வாய்க்கும் அது பொருந்தாது. "இது டூல் ரூமே இல்லப்பா, தையல்கடை" என்றார். மிகச் சரியாகச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் திரையில் ஓடிய படத்துக்கும் வாயில் நடப்பதற்கும் இடையே தூரம் உண்டு. இதை விளம்பரங்கள் சொல்வதில்லை. 2009-இல் கிராவிட்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் முன்பற்களில் இதை அளந்தார்கள். மென்பொருள் காட்டிய நகர்வில் சராசரியாக 41 சதவீதம்தான் வாயில் நடந்திருந்தது. அவரும் பங்கேற்ற 2020 ஆய்வில் அது 50 சதவீதமாக உயர்ந்தது. தட்டு வேலை செய்யவில்லை என்று இதற்குப் பொருளல்ல. தட்டு வரிசை ஒருமுறையோடு முடியாது, மறுபடி அளவெடுத்து இன்னொரு வரிசை செய்யவேண்டியிருக்கும், அதை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று பொருள். நகர்விலும் எளிது, கடினம் உண்டு. பல்லைச் சற்று உள்ளே சாய்ப்பது எளிது. உருண்டையான பல்லைத் திருப்புவது கடினம், எண்ணெய்க் கையால் பாட்டில் மூடியைத் திருகுவதுபோலத் தட்டு வழுக்கும். எல்லாவற்றிலும் கடினம், மேலே நிற்கும் பல்லைக் கீழே இறக்குவது. 2009 ஆய்வில் அதற்குக் கிடைத்தது 30 சதவீதத்துக்கும் குறைவு.

எங்கள் பெண்ணுக்கு இருந்தது அதுவேதான். மேல்வரிசைக் கோரைப்பல்லுக்கு வரிசையில் இடம் கிடைக்காமல் ஈற்றின்மேல் ஏறி முளைத்திருந்தது. தெத்துப்பல் என்று ஊரில் செல்லமாகச் சொல்லுவார்கள், அவளும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. அந்தப் பல்லுக்குப் பின்னால் பிரஷ் போகாமல் ஈறு வீங்கி இரத்தம் வரத் தொடங்கியதால்தான் டாக்டரிடம் போனாள்.

மேலே நிற்கும் பல்லைத் தட்டு பிடித்து இழுக்கவேண்டும் என்றால் பிடிப்பு வேண்டும். அதற்காகப் பல்லின்மேல் பல் நிறத்திலேயே சின்ன மேடு ஒன்றை ஒட்டுகிறார்கள். அட்டாச்மென்ட் என்று பெயர், ஒரு பச்சரிசியில் பாதி இருக்கும். ஒட்டுவதற்குமுன் எனாமலில் பாஸ்பாரிக் அமிலம் தடவுவார்கள். அமிலம் அரித்து உண்டாக்கும் நுண்ணிய பள்ளங்களில் பிசின் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். சில விநாடி வேலை. எங்கள் பெண்ணுக்கு முதல் மாதத்திலேயே அந்த மேடு பெயர்ந்து விழுந்தது. மறுபடி ஒட்டினார்கள், மறுபடி விழுந்தது.

காரணம் தட்டிலும் இல்லை, டாக்டரின் கையிலும் இல்லை. அவள் சிறுவயதில் குடித்த தண்ணீரில் இருந்தது.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் காவிப்பல் புதிதல்ல. இது கடினப்பாறை நிலம். பாறையில் உள்ள சில கனிமங்களில் ஃப்ளூரைடு உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீர் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கி அதைக் கரைத்துக்கொண்டு வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய நீரை ஒரு குழந்தை குடித்து வளர்ந்தால், ஈற்றுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பற்களின் எனாமல் பழுதாகிறது. பல் முளைக்கும்போதே வெள்ளைத் திட்டோடு வரும், நாளாக ஆகப் பழுப்பேறும். எட்டு வயதுக்குள் நடக்கவேண்டியது நடந்து முடிந்துவிடும், பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பல்லைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாதவர்கள் என்று எங்கள் பிள்ளைகளை வெளியூரில் யாராவது சொல்லக் கேட்டால் எனக்கு இன்றும் வயிறு எரியும். அது அழுக்கல்ல, தண்ணீர் எழுதிய எழுத்து. 1937-இலேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் ஃப்ளூரோசிஸ் என்ற இந்த நோயை ஷார்ட் என்ற மருத்துவர் தம் குழுவினரோடு பதிவு செய்திருக்கிறார். எங்கள் இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் 2013-இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் தடுப்பும் சேர்ந்திருக்கிறது.

இப்போது ஓசூரின் ஆலைகளில் சம்பாதித்துத் தன் பல்லைத் தானே சீராக்கிக்கொள்ள நினைக்கும் இளைஞர்கள், அந்தத் தண்ணீர் வருவதற்கு முன் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். அவர்கள் எனாமலின் மேல்தோல் ஃப்ளூரைடு ஏறி அமிலத்துக்கு அசைந்து கொடுக்காது. அதற்கு அடியில் இருப்பதோ கனிமம் குறைந்த, துளைத்துளையான பகுதி. வழக்கமான சில விநாடிகளில் அமிலம் அரிக்கவில்லையென்றால் பிசினுக்குப் பிடிப்பு இல்லை. கம்பி போடும் கிளிப்புக்கும் இதே தொல்லைதான், அங்கேயும் பல்லில் ஒட்டிய பிராக்கெட் கழன்று விழும். எல்லாம் முடிந்து மேட்டை எடுக்கும்போதும் கவனமாக எடுக்கவேண்டும், பலவீனமான எனாமல் அதோடு சேர்ந்து பெயரக்கூடும்.

மூன்றாவது முறை டாக்டர் அந்தப் பல்லின் மேற்பரப்பை மிக மெல்லியதாகச் சுரண்டி, அமிலத்தைக் கூடுதல் நேரம் வைத்து ஒட்டினார். நின்றது. இதுவும் விழுந்தால் பல்லில் ஒரு பட்டன் ஒட்டி ரப்பர் வளையத்தால் கீழே இழுப்போம் என்று சொல்லியிருந்தார். அந்த அளவுக்குப் போகவில்லை. இங்கே அலைனர் போட விரும்பும் எவரும் முதல் நாளே கேட்கவேண்டிய கேள்வி இது: என் எனாமலில் அட்டாச்மென்ட் நிற்குமா? காவியையும் குறைக்க வழிகள் உண்டு. ஆனால் எதை முதலில் செய்வது என்ற வரிசையைச் சிகிச்சைக்குமுன் பேசிவிடுவது நல்லது.

அடுத்த சிக்கல் மணிக்கணக்கு. நாளுக்கு 22 மணி நேரம் தட்டு வாயில் இருக்கவேண்டும். எலும்பு கரைக்கும் அணுக்கள் சொடுக்குப் போட்டால் வந்து சொடுக்குப் போட்டால் போகிறவை அல்ல. அழுத்தம் தொடர்ந்து இருந்தால்தான் வேலை தொடரும். மீதி இரண்டு மணி நேரத்தில் சாப்பாடு, பல் தேய்ப்பது எல்லாம் அடங்கவேண்டும். களியும் கீரையும் சாப்பிட எவ்வளவு நேரமாகும்? நேரத்தைத் தின்பது டீதான். ஆலை வேலையில் ஷிப்ட்டுக்கு மூன்று டீ, ஒவ்வொன்றுக்கும் கழற்றி, வாய் கொப்பளித்து, மாட்டி. தட்டோடு டீ குடித்தால் என்ன என்று எல்லாரும் கேட்கிறார்கள். சர்க்கரைத் தண்ணீர் தட்டுக்கும் பல்லுக்கும் நடுவே தேங்கும், எச்சில் அங்கே போய்க் கழுவ முடியாது. வாயின் இயற்கையான காவல் எச்சில்தான், அது எட்டாத இடத்தில் பல் சொத்தையாவது வேகமாக நடக்கும். சூட்டால் உருவான பிளாஸ்டிக் சூட்டாலேயே வடிவம் இழக்கவும் செய்யும். வெந்நீரில் கழுவினாலும், வெயிலில் நிற்கும் கார் கண்ணாடி ஓரத்தில் வைத்தாலும், அந்தக் கால் மில்லிமீட்டர் கணக்கு கெட்டுப்போகும். தண்ணீர் மட்டும் தட்டோடு குடிக்கலாம்.

டாக்டரே வேண்டாம், வீட்டுக்கே தட்டு வரும் என்ற வணிகமும் நடந்து பார்த்தது. 2014-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மைல் டைரக்ட் கிளப் அந்த வழியில் மிகப் பெரிதாக வளர்ந்து, 2019-இல் பங்குச்சந்தை வரை போய், 2023 டிசம்பரில் மூடப்பட்டது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் பாதியிலேயே நின்றார்கள். பணம் போனது ஒரு பக்கம். எனக்குப் பெரிதாகப் படுவது எக்ஸ்ரேயும் ஈற்றுப் பரிசோதனையும் இல்லாமல் பல்லை நகர்த்துவதில் உள்ள ஆபத்து. ஈறு நோயால் எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும் வாயில், புகையிலைப் பாக்கு போட்டுப் போட்டு ஈறு தளர்ந்த வாயில், மேலும் கரைக்கச் சொல்லித் தட்டு மாட்டினால் நிமிர்ந்த பல்லே ஆடத் தொடங்கும். முதலில் ஈற்றைக் குணப்படுத்தவேண்டும். அதைச் செய்தால் நாற்பது, ஐம்பது வயதிலும் பல் நகரும், எலும்பு எந்த வயதிலும் உயிருள்ளதுதான். பல்சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவரைப் பார்க்க ராயக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு பஸ் ஏறவேண்டியிருக்கிறது. ஏறலாம்.

கடைசித் தட்டோடும் முடிவதில்லை. ஈற்றின் மேல்விளிம்பில் பல்லைச் சுற்றிக் கட்டியிருக்கும் மீள்நார்கள் பழைய இடத்தை ஓராண்டு வரை மறப்பதில்லை, பல்லை அந்தப் பக்கமே இழுக்கும். அதனால் ரிட்டெய்னர் உண்டு, முதலில் முழுநேரம், பிறகு பல ஆண்டுகளுக்கு இரவில் மட்டும். சிஷ்டி கண்டுகொண்ட உண்மை இதன் மறுபக்கம்தான்.

எங்கள் பெண் இப்போது பத்தொன்பதாவது தட்டில் இருக்கிறாள். கோரைப்பல் வரிசையை ஏறக்குறைய எட்டிவிட்டது. பிரஷ் பின்னால் போகிறது, ஈற்றில் இரத்தம் வருவது நின்றுவிட்டது. பல்லில் பழுப்புத் திட்டு அப்படியே இருக்கிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். கழற்றிய தட்டுகளை அவள் தூக்கிப்போடுவதில்லை, எண் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அதில் முதல் தட்டையும் பதினெட்டாவதையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கோரைப்பல்லின் நுனி எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று பார்க்க ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். எல்லாத் தகடும் சேர்ந்தும் எட்டவில்லை. கேஜை மூடி வைத்துவிட்டு, வெர்னியரை எடுக்க மறுபடி பரண்மேல் ஏறினார்.